தரையில் வைத்திருந்த கம்பியூட்டர்

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே வெயில். லீவு முடிந்து வேலைக்குப் போனேன். அப்பா போய் இன்று ஐந்தாம் நாள்.

மாலை வீட்டுக்கு வந்து மறுபடி கம்பியூட்டரைப் போட்டுப் பார்த்தேன். அதேதான். பட்டனை அழுத்தினால் பச்சை விளக்கு. உள்ளே காற்றாடி மூன்று விநாடி சுற்றும். நிற்கும். தானாக மறுபடி சுற்றும். நிற்கும். திரையில் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை முதல் தடவை போட்டபோதும் இப்படித்தான். அன்று கூடவே ஒரு கருகல் வாசனை. வீடு முழுக்கச் சாம்பிராணி என்பதால் கண்டுகொள்ளவில்லை.

வேண்டியது ஒரே ஒரு படம்.

பதினாறாம் நாள் காரியம் 14ஆம் தேதி, வெள்ளி. அதற்குள் அப்பா படத்துக்கு ஃபிரேம் போட வேண்டும். அப்பாவை எடுத்த அன்று அவசரத்துக்கு ஐ.சி. அட்டையில், அடையாள அட்டையில், இருந்த படத்தைப் பெரிதாக்கி வைத்தோம். மூக்கும் மீசையும் ஒன்றாகக் கலங்கிக் கிடக்கிறது. அம்மா அதைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்.

“போலீஸ் புடிச்சிட்டுப் போன ஆளு மாதிரி இருக்காரு. இதுக்கா நான் தெனம் பூ போடணும்? நீ பட்டம் வாங்குன அன்னிக்கி எடுத்தோமே, அது எங்க?”

“கம்பியூட்டர்ல இருக்கும்மா.”

“அப்ப எடு.”

அப்பாவுக்குப் படம் எடுப்பது பிடிக்காது. போர்ட் கிள்ளானில் கண்டேனர் லோரி ஓட்டியவர். லோரி முன்னால் எடுத்த ஒன்று இருக்கிறது, அதில் லோரிதான் தெளிவு. ரவாங்கில் இருக்கும் அத்தையின் போனில் ஒன்று: கல்யாண வீட்டில் கறிச் சட்டிக்குள் குனிந்து பார்க்கிறார், முதுகு மட்டும். பட்டமளிப்பு அன்று எடுத்ததுதான் நேராகப் பார்த்து நின்ற படம். என் பழைய போன் நிறைந்துபோனதால் எல்லாவற்றையும் கம்பியூட்டருக்கு மாற்றி, போனில் அழித்தேன். வேறு எங்கும் வைக்கவில்லை. வைத்திருக்க வேண்டும்.

இரவுச் சாப்பாடு: பக்கத்து வீட்டுச் சாம்பார். உப்பு அதிகம் என்று அத்தை சொன்னார். எனக்குத் தெரியவில்லை.


மார்ச் 4, செவ்வாய்

கா. 6.40 ரயில். கிள்ளான் ஸ்டேஷன் வரை பஸ். முன்பு அப்பா மோட்டார் சைக்கிளில் விடுவார். பஸ்ஸில் போனால் இருபது நிமிடம் முன்னால் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான் மாற்றம்.

ஆபீஸில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நல்லது. மேசையில் மூன்று இறப்புக் காப்புறுதிப் பாரங்கள். “இறந்தவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு” என்ற கட்டத்தை ஒருவர் காலியாக விட்டிருந்தார். போன் போட்டுக் கேட்டு நிரப்பினேன்.

பக்கத்து மேசை சுலோ அக்காவிடம் மட்டும் கம்பியூட்டர் விஷயத்தைச் சொன்னேன். அவர் மகனுக்கு மெசேஜ் அனுப்பி, வந்த பதிலை என் நோட்டில் எழுதிக் கொடுத்தார்.

1. பிளக்கைக் கழற்று. பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடி. பிறகு போடு.
2. வேறு பிளக் பாயிண்டில் போடு.
3. உள்ளே இருக்கும் மெமரி அட்டையைக் கழற்றி, தங்க நிறப் பல்லை அழிரப்பரால் தேய்.
4. ஒன்றும் ஆகாவிட்டால் பவர் சப்ளை போயிருக்கும்.

மாலையில் 1, 2 செய்தேன். இல்லை.

பெட்டி இருப்பது ஹாலில், மேசைக்கு அடியில், தரையில். அதன் பின்பக்கம் நேராக விளக்கைப் பார்த்தபடி. அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் ஏற்றிய விளக்கு. பதினாறு நாளும் அணையக் கூடாது. காற்றாடி சுற்றும் மூன்று விநாடியும் திரி ஆடுகிறது.

“ஏய் ரேவதி! வெளக்கு அணைஞ்சிடப் போவுது லா! ஒரு பக்கம் அண்ணனுக்கு வெளக்கு, ஒரு பக்கம் ஒனக்கு ஃபேனா?”

ரவாங் அத்தை அப்பாவின் தங்கை. காரியம் முடியும்வரை இங்கேதான் இருப்பார்.

“படம் எடுக்கத்தான் அத்தை.”

“டிகிரி முடிச்ச பொண்ணு. ஒரு கம்பியூட்டரத் தொறக்கத் தெரியல.”

“நான் படிச்சது செடி கொடி அத்தை.”

“அது சரி. செடியக் கேட்டா அதுவும் காஞ்சி போய்தான் கெடக்கு.”

வாசலில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியைச் சொல்கிறார். உண்மைதான், காய்ந்திருக்கிறது. அப்பாதான் ஊற்றுவார்.

விளக்குக்கு அட்டைப்பெட்டியை மடித்து மறைப்பு வைத்தேன். மறுபடி போட்டேன். சுற்றியது. நின்றது.


மார்ச் 6, வியாழன்

மாலை நல்ல மழை. ரயில் முக்கால் மணி தாமதம்.

அத்தை கடைக்குப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தேன். அப்பாவின் ஸ்குரூடிரைவர் எல்லாம் லோரிக்கானவை, பெரிது. காய் நறுக்கும் கத்தியின் நுனியால் நான்கு திருகாணிகள். அம்மா, அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். கை மட்டும் வேலை செய்தது.

மூடியை எடுத்தேன். மேலே தூசி, உலர்ந்த சாம்பல் நிறம். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தூசி இல்லை. கழுவிவிட்டது போல் சுத்தம். அதற்கு மேல் ஒரு கோடு. மஞ்சள் நிறம். பவர் சப்ளை அடியில்தான் இருக்கிறது, அதன் கம்பி வலையில் செவ்வந்தி இதழ் ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது.

மூலையில் அரிசி. ஒரே ஒரு மணி. பச்சரிசி.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எழுதி வைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அப்பாவை வேனில் ஏற்றியதும் ஆண்கள் கூடவே போனார்கள். பெண்கள் வீடு கழுவினோம். அப்பா வாயில் எல்லாரும் போட்ட அரிசி கீழே சிந்தி, பூவும் மஞ்சள் தண்ணீருமாகக் கிடந்தது. அம்மா வாளி வாளியாக ஊற்றினார். யாரிடமும் வாளியைக் கொடுக்கவில்லை. வாசல் சாக்கடை வாயில் பூ அடைத்துத் தண்ணீர் திரும்பி வந்தது. மேசைக்கு அடியில் போனது.

நான் கதவோரம் விளக்குமாற்றுடன் நின்றேன். தண்ணீர் பெட்டியைத் தொட்டதைப் பார்த்தேன்.

“அம்மா, கம்பியூட்டர்” என்று சொல்ல வேண்டும். இரண்டு சொல். அந்த நேரத்தில், அந்த அம்மாவிடம், அதைச் சொல்ல வாய் வரவில்லை. அப்பா போகிறார், இவளுக்குக் கம்பியூட்டர் என்று நினைப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு மறந்தே போனேன். மறுநாள் ஈரம் காயுமுன் பிளக்கைச் சொருகி நானே பட்டனை அழுத்தினேன்.

அரிசியை டிஷ்யூவில் மடித்து மேசை மேல், பேனா டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். தூக்கிப்போட முடியவில்லை. வேறு எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

“என்ன பாப்பா, ஆச்சா?” அம்மா.

“பழசும்மா. அதான்.”

அம்மா மீண்டும் பூவைப் பார்த்தார்.


மார்ச் 8, சனி

மேகம். துணி காயவில்லை.

செய்தவை: மெமரி அட்டை தேய்த்தேன் (பயனில்லை). அடிப்பாகம் துடைத்தேன். ஹேர் டிரையர், ஒரு மணி நேரம். மறுபடி போட்டேன். இப்போது காற்றாடிகூடச் சுற்றவில்லை. பச்சை விளக்கும் இல்லை.

நான் தொட்ட பிறகுதான் முழுதாகப் போனது.

அத்தை எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து பெட்டி மேல் வைத்தார். கண் பட்டுவிட்டதாம். பிறகு:

“எங்கண்ணன் ஓவர்டைம் பாத்து வாங்கிக் குடுத்த சாமான். இவ எந்நேரமும் ஆன் பண்ணியே வச்சிருந்தா அது என்னாத்துக்கு ஆகும்? பாத்துக்கத் தெரியல.”

தண்ணீர் போனதைச் சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி, தண்ணீர் எப்படிப் போனது. அதற்கு அடுத்தது, யார் ஊற்றியது. பதினாறு நாளுக்கு வீட்டில் இருக்கும் ஒரே பேச்சு அதுவாகிவிடும். அம்மா காதில் விழும்படி அத்தை அதை ரவாங் வரைக்கும் கொண்டுபோவார்.

“ஆமா அத்தை, நான்தான் பாத்துக்கல.”

அம்மா அடுப்படியில் இருந்தார். குழாய்ச் சத்தம் நின்றிருந்தது.

சுலோ அக்கா போனில்: படம் எல்லாம் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில், கைக்குள் அடங்கும் கறுப்புப் பெட்டி, அதை மட்டும் கழற்றிக் கொண்டு வா, ஆபீஸுக்குக் கீழே வரிசையில் ஒரு பாய் கடை இருக்கிறது, படமும் எடுப்பார், ஃபிரேமும் போடுவார், கம்பியூட்டரும் பார்ப்பார்.

டிஸ்க் மேல் தட்டில் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. தண்ணீர்க் கோட்டுக்கு நாலு விரல் மேலே. நாலு விரல்.

அப்பாவின் சாப்பாட்டு டப்பாவில் துணி சுற்றி வைத்தேன். அதுதான் சரியான அளவு.

அழுகை: இல்லை. பசி: இல்லை. தூக்கம்: நிறைய.


மார்ச் 11, செவ்வாய்

நேற்றுக் கடை பூட்டியிருந்தது. இன்று மதிய இடைவேளையில் போனேன்.

சின்னக் கடை. கண்ணாடியில் கல்யாண ஜோடிகள், நடுவில் மாலை போட்ட தாத்தாக்கள். உரிமையாளருக்கு ஐம்பது வயது இருக்கும், வெள்ளைத் தொப்பி. நோன்பு. நான் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் ஒளித்தேன்.

“அட, குடிம்மா. நீ குடிச்சா என் நோன்பு போயிடுமா?”

சாப்பாட்டு டப்பாவை நீட்டினேன்.

“என்னாது, சாமான எனக்குச் சாப்பாடா கட்டிக்கிட்டு வந்திருக்க?” திறந்து பார்த்தார். “ஹார்ட் டிஸ்க்கா. என்னா ஆச்சு?”

“பெட்டிக்குள்ள தண்ணி போச்சுண்ணே. அப்புறம் ஆன் பண்ணிட்டேன்.”

“தண்ணில நனைஞ்சத ஆன் பண்ணுனியா? படிச்ச பொண்ணா நீ?”

“ஆமாண்ணே.”

“எதுக்கு ஆமா? நனைஞ்சதுக்கா, படிச்சதுக்கா?”

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

ஒரு ஒயரில் மாட்டினார். டிஸ்க் சுற்றவில்லை. டிக் என்றது. டிக். டிக். ஒயரை மாற்றினார். டிக்.

“பவர் சப்ளை போறப்ப இதையும் சேத்து அடிச்சிருக்கலாம்மா. சொல்ல முடியாது. உள்ள என்னா இருக்கு?”

“அப்பா படம்.”

“அப்பாகிட்ட வேற காப்பி…” என்று தொடங்கியவர் என் கழுத்தையும் நெற்றியையும் பார்த்தார். நகை, பொட்டு, ஒன்றும் இல்லை. நிறுத்திவிட்டார். “எப்ப வேணும்?”

“வெள்ளிக்கிழமை கருமாதி.”

“வச்சிட்டுப் போ. நாளைக்கி வா.”

சீட்டு கொடுத்தார். பெயர்: ரேவதி. பொருள்: ஒரு டிஸ்க், ஒரு டப்பா.

வீட்டில் அம்மா கேட்டார். நாளைக்கு என்றேன். “கெடைக்கலன்னா பரவால்ல பாப்பா, அந்த ஐ.சி. படமே…” என்று சொல்லி, முடிக்காமல் எழுந்து போனார். சுவர் பக்கம் திரும்பியிருந்த படத்தைத் தூசி தட்டி, மறுபடி சுவர் பக்கமே வைத்தார்.


மார்ச் 12, புதன்

கிடைத்தது.

கடைக்குள் நுழையும்போதே டிக் சத்தம் இல்லை. பாய் திரையைத் திருப்பிக் காட்டினார். டிஸ்க்கின் அடியில் இருக்கும் பச்சை அட்டையில் ஒரு சின்னப் பொருள் கருகியிருந்ததாம், காவல் வேலை பார்ப்பது, அது தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றிவிட்டதாம். அதை நீக்கியதும் ஓடிவிட்டது. “தெனமும் இப்படி நடக்காது. வெளிய இன்னொரு காப்பி வச்சிக்க” என்றார். இரண்டு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

பட்டமளிப்பு என்ற ஃபோல்டரில் முப்பத்தொரு படங்கள். இருபத்தெட்டில் நான். இரண்டில் அம்மா. ஒன்றில்தான் அப்பாவும் நானும்.

நீலச் சட்டை. எண்ணெய் வைத்து வாரிய தலை. கேமராவை நேராகப் பார்க்கிறார். பக்கத்தில் நான், கறுப்பு அங்கி, கை அவர் தோளில். அவருடைய ஒரு கை கால்சட்டைப் பைக்குள்.

ஏன் பைக்குள் என்று எனக்குத் தெரியும். லோரிச் சாவிக் கொத்தை எப்போதும் பெல்ட்டில் மாட்டித் தொங்கவிடுவார். அன்றும் அப்படித்தான் வந்தார். நடந்தால் கிலுங்கும். என் கூடப் படித்தவர்களின் அப்பாமார் எல்லாம் கோட்டும் டையும். “சாவிய உள்ள வைங்கப்பா” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். உடனே பைக்குள் போட்டார். படம் எடுக்கும்போது வெளியே தெரியாமல் இருக்க அதைக் கையால் பிடித்துக்கொண்டார். அன்று முழுக்கப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

“நல்ல மொகம்மா” என்றார் பாய். “ஆனா நீ பக்கத்துல நிக்கிற. மால போடுற படத்துல உயிரோட இருக்கிறவங்க இருக்கக் கூடாதுன்னு ஒங்க ஆளுங்க சொல்லுவாங்களே.”

“ஆமாண்ணே. அத்தையும் சொன்னாங்க.”

“வெட்டிடவா?”

“வெட்டுங்க.”

நெஞ்சு வரை வெட்டினார். அங்கி போனது. பை, கை, சாவி எல்லாம் கீழே போனது. தோளில் மட்டும் என் விரல்கள் மிச்சம்.

“வெரல் நாலு நிக்கிது. எடுத்துடுறேன்.”

பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். நீலச் சட்டையின் ஒரு துண்டை எடுத்து விரல் மேல் வைத்து வைத்துத் தேய்த்தார். சுண்டு விரல் போனது. அடுத்தது. அடுத்தது. ஆள்காட்டி விரல் கொஞ்ச நேரம் பிடித்தது, மோதிரம் இருந்ததால். பிறகு தோள் மட்டும். யாரும் தொடாத தோள்.

“பின்னாடி என்னா போட? ஆகாசமா, அருவியா?”

“சும்மா விட முடியாதாண்ணே?”

“சும்மா விட்டா பின்னாடி குப்பத்தொட்டி தெரியிதும்மா.”

எட்டிப் பார்த்தேன். தெரிந்தது.

“ஆகாசம்.”

வேலைக்குப் பத்து நிமிடம் தாமதம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மதியம் இரண்டு பாரம் முடித்தேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன்: படம் கிடைத்தது, பெட்டி இனி ஓடாது. அம்மா தலையாட்டினார். அத்தைதான், “எலுமிச்சம்பழம் வச்சேன்ல?” என்றார்.


மார்ச் 13, வியாழன்

மழை. ஃபிரேமைக் குப்பைப் பைகள் இரண்டில் சுற்றி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கூட்டம். எதிரே நின்ற மலாய் அக்கா, இடிபடாமல் இருக்க என் முன்னால் கையை நீட்டிக் கம்பியைப் பிடித்தபடி கிள்ளான் வரை வந்தார். உள்ளே என்ன என்று கேட்கவில்லை.

அம்மா ஃபிரேமை நாற்காலி மேல் சாய்த்து வைத்துத் தள்ளி நின்று பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார்.

“இதான்” என்றார்.

பிறகு: “ஒரு தோளு கொஞ்சம் எறங்கியிருக்கே.”

“அப்பிடியேதாம்மா நின்னாரு.”

“ஆமா. நீ கையப் போட்டிருந்த. நான்தானே எடுத்தேன்.”

அத்தை பார்த்து, “ஆகாசம் நல்லாருக்கு” என்றார். அடுப்படிக்குப் போய்ச் சத்தமாக அழுதார். அம்மா அழவில்லை. நானும் இல்லை. தேங்காய் எண்ணி வைத்தோம். வாழை இலை துடைத்தோம்.

மேசையில் பேனா டப்பாவுக்குப் பக்கத்தில் டிஷ்யூ பிரிந்து கிடந்தது. அரிசி இல்லை. கீழே விழுந்ததோ என்று தேடினேன். பிறகு விளக்கடியில் பார்த்தேன். தண்ணீர் டம்ளருக்கு முன்னால் ஒரு சின்ன வெற்றிலைத் துண்டு, அதன் மேல் ஒரு மணி. லேசாக மஞ்சள்.

யாரையும் கேட்கவில்லை. கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றினேன்.


மார்ச் 14, வெள்ளி

கா. 7. மேகம். காற்று இருக்கிறது. சாயங்காலம் காரியம். அதற்கு முன் வீடு கழுவ வேண்டும்.

அத்தை விளக்கை அணையாமல் தூக்கி ஸ்டூல் மேல் வைத்தார். படம் கட்டில் மேல். நான் விளக்குமாற்றுடன் கதவோரம். சாக்கடை வாயில் இருந்த இலையைக் காலால் தள்ளிவிட்டேன்.

அம்மா வாளியோடு வந்தார். கீழே வைத்தார். மேசைக்கு அடியில் குனிந்து பெட்டியை வெளியே இழுத்தார். ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுருட்டினார். இரண்டு கையாலும் தூக்கி, அப்பா உட்காரும் நாற்காலியில் வைத்தார். கனம். உதவிக்குப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

“அதான் ஓடாதுன்னு சொல்லிட்டாளே அண்ணி. அதப் போயி எதுக்குத் தூக்கிக்கிட்டு?” அத்தை.

அம்மா வாளியை எடுத்தார். ஊற்றவில்லை. என்னைப் பார்த்தார்.

“பாப்பா, இப்ப ஊத்தலாமா?”

“ஊத்துங்கம்மா.”